மீண்டும் சேணத்தில்

ஆங்கில நாளேடுகளைப் படிக்கும் அன்பர்கள் ‘பேக் இன் தி ஸாடில்’ என்னும் தொடரை அரசியற் செய்திகளில் கண்டிருப்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மீண்டும் சேணத்தில்’ என்று வரும். தமிழில் அதற்குப் பொருள் விளங்காது.

சேணமாவது, குதிரையின் முதுகில் ஏறி அமர்வதற்காக இடப்படும் இருக்கை. அதில் அமர்ந்தவன் கையில் கடிவாளம் இருக்கும். குதிரையும் அவன் காட்டும் திசையிலே செல்லும். ஆகவே, சேணத்தில் இருத்தல் என்பது அதிகாரம் செலுத்துவதைக் குறிக்கலாயிற்று. இழந்த அதிகாரத்தையோ செல்வாக்கையோ திரும்பப் பெற்றவரை, மீண்டும் சேணத்தில் அமர்ந்துவிட்டார் என்பர் ஆங்கிலேயர்.

‘மீண்டும்’ என்னும் சொல்லிலேதான் இத்தொடரின் உயிர் உள்ளது. முன்பு அமர்ந்திருந்து இடையில் இறங்கியவருக்கே இது பொருந்தும். 1940இல் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், 1945ஆம் ஆண்டுத் தேர்தலில் பதவியிழந்து, 1951இல் மறுபடியும் பிரதமரானார். நம் நாட்டில் திருமதி இந்திரா காந்தி 1977இல் தம் ரேபரேலித் தொகுதியிலேயே தோற்று, 1980 ஜனவரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். இவ்விருவர்க்கும் இத்தொடர் தகும். 1964இல் முதன்முறையாகப் பிரதமர் பொறுப்பேற்ற லால் பகதூர் சாஸ்திரிக்கு இதனை வழங்குதல் பிழையாகும்.

நோயினாலோ விடுப்பினாலோ சில நாள் விலகியிருந்து, வழக்கமான வேலைக்குத் திரும்பியவரையும் இத்தொடராற் குறிப்பதுண்டு. ‘விழுந்த குதிரையிலேயே திரும்ப ஏறு’ என்னும் மற்றோர் ஆங்கில வழக்கு இதனின் வேறு. அது தோல்வியுற்றவனை மறுபடி முயலச் சொல்வது. அதில் அதிகாரம் பற்றிய பேச்சே இல்லை.

இனித் தமிழில் எவ்வாறு கூறுவது? ஆட்சியைத் திரும்பப் பெற்றவர் ‘மீண்டும் அரியணை ஏறினார்’ எனலாம். பதவியின்றிச் செல்வாக்கு மட்டும் பெருகினால், ‘அவர் கை மறுபடி ஓங்கியது’ எனலாம். அலுவலுக்குத் திரும்பியவரைப் ‘பணிக்குத் திரும்பினார்’ என்றாலே போதும். ஆங்கிலத்தில் ஒன்றாக நிற்கும் தொடர், தமிழில் இடத்திற்கேற்ப மூன்றாகப் பிரிகின்றது.

பிற மாநிலங்களில் வளரும் நம் சிறுவர்க்கு ஆங்கிலம் பள்ளியில் கிடைக்கின்றது. தமிழோ பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கின்றது. ‘கை ஓங்கியது’ என்பதைப் பெற்றோர் வாயிலிருந்து கேளாத குழந்தை அதனை வேறெங்கே கேட்கும்? நாளேட்டில் இத்தகைய தொடர் வரும்போது, “இதனை நம் பாட்டி எப்படிச் சொல்லுவார்?” என்று குழந்தைகளிடம் கேளுங்கள். இரு மொழியும் ஒருங்கே தெளிவாகும்.