இருவருக்கும் சேர்த்து வயது 88

ஜப்பான் தேசிய ரயில்வே 1981-ல் ஒரு புதுவிதச் சலுகைச் சீட்டை விற்கத் தொடங்கியது. கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 88-க்குக் குறையக் கூடாது; அதுதான் தகுதி. அவருக்கு 46, இவருக்கு 42 என்றால்கூடப் போதும். சீட்டு கையில் இருந்தால், குறித்த நாட்களுக்குள் நாட்டின் எந்த மூலைக்கும் 'கிரீன் கார்' என்ற உயர்வகுப்புப் பெட்டியில் இஷ்டம்போல் போய் வரலாம். தேனிலவுக் காலம் போய்விட்டது, இனி முழுநிலவு என்ற கணக்கில் 'ஃபுல் மூன்' என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்துக்குக் குன்மா மாநிலத்து மலைமடிப்பில் இருக்கும் ஹோஷி வெந்நீரூற்று விடுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1895-ல் கட்டிய மரக்கூடத்துக் குளியல்தொட்டியில், எழுபதைத் தாண்டிய உயெஹாரா கென்னும் அறுபதைத் தாண்டிய தகாமினே மியெகோவும் வெந்நீரில் அருகருகே அமர்ந்திருக்கும் படம் அது. இருவரும் போருக்கு முந்தைய திரையுலகின் நட்சத்திரங்கள். நிஜத்தில் கணவன் மனைவி அல்லர். நாடே அந்தப் படத்தைப் பார்த்து வியந்தது. வயதான தம்பதி சேர்ந்து ஊர்சுற்றுவது விளம்பரம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டிய விஷயமாக இருந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீட்டு வாங்கிய தம்பதிகளைச் சலுகைக்காக வந்த கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பயணம் எதற்கு ஈடு செய்தது என்று பார்த்தால், அவர்களுடைய அன்றாட வாழ்க்கைக்குள் போகாமல் முடியாது.

அந்தத் தலைமுறைக் கணவன் காலையில் புறப்பட்டால் இரவு பத்துக்கு மேல் திரும்புவான். அவன் வீட்டில் பேசுவது மூன்றே சொல் என்று ஜப்பானில் ஒரு கேலி உண்டு: சோறு, குளியல், படுக்கை. கேலிதான், ஆனாலும் கணக்கு அதற்குத் துணை நிற்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் ஒப்பீட்டில் சம்பளமில்லாத வேலைகளுக்கு ஜப்பானிய ஆண் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 40 நிமிடம். பெண் செலவிடுவது ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். இது அண்மைக்காலக் கணக்கு. எண்பதுகளில் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. பின்னிலையுதிர் காலம் வந்தால் இந்தப் பாரம் இன்னும் கனக்கும். போர்வையும் வெப்பமூட்டியும் சேர்ந்த கொதாட்சு மேசையை எடுத்து விரிக்க வேண்டும். குளிர்கால மெத்தைகளை வெயில் காட்ட வேண்டும். துவர்ப்புப் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டி இறவாணத்தில் தொங்கவிட வேண்டும். முள்ளங்கியை வாடவைத்து ஊறுகாய்க்குப் புதைக்க வேண்டும். வாசலில் விழுந்துகொண்டே இருக்கும் இலையைப் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பருவத்தைப் படம்பிடிக்கும் சுற்றுலாப் புத்தகம் எதிலும் துடைப்பத்தைக் காண முடியாது.

உயெஹாராவை விளம்பரத்துக்குத் தேர்ந்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, அந்தத் தேர்வில் ஒரு பழைய கணக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், 1951-ல், நருசே மிகியோ இயக்கிய 'மெஷி' படத்தில் அவர்தான் கணவன். ஹாரா செட்சுகோ மனைவி. படத்தின் பெயருக்குப் பொருளே சோறுதான். ஒசாகாவில் குடித்தனம், கணவன் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பசிக்கிறது என்கிறான், மனைவி நாள்தவறாமல் அடுப்புக்கும் மேசைக்கும் நடக்கிறாள். அவன் அடிக்கிறவனோ குடிகாரனோ அல்லன், நல்லவன்தான். மனைவி ஒரு கட்டத்தில் டோக்கியோவில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிப் போய்விடுகிறாள். மூலநாவலை எழுதிய ஹயாஷி ஃபுமிகோ கதையை முடிக்காமலே அதே ஆண்டு இறந்துபோனார். முடிவைப் படக்குழு எழுதிக்கொண்டது. கணவனோடு ரயிலில் திரும்பும் மனைவியோடு படம் முடிகிறது. திரும்பிப் போய் அவள் மறுபடி செய்யப்போவது என்ன என்பதைப் பார்வையாளர் யூகித்துக்கொள்ளலாம். அதே நடிகர் 1982-ல் வெந்நீரில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, அவர் பக்கத்தில் இருக்கும் பெண்மணிக்கு அன்று சமையல் இல்லை என்பதுதான் அந்த விளம்பரப் படத்தின் உண்மையான கவர்ச்சி.

என் வாதம் இதுதான்: தம்பதியரின் இலையுதிர்காலப் பயணத்தில் நிஜமான மாற்றம் நடப்பது விடுதி அறைக்குள். சிவந்த மேப்பிள் அதற்குச் சாக்கு. அந்த மூன்று சொற்களையும் மறுபடி பாருங்கள். சோறு, குளியல், படுக்கை. பாரம்பரிய விடுதியான ரியோகான் விற்பதும் இதே மூன்றைத்தான். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தால் தாழ்மேசையில் தேநீரும் ஓர் இனிப்பும் இருக்கும். யுகாதா உடைக்கு மாறி வெந்நீருக்குப் போகலாம். பெரும்பாலான விடுதிகளில் ஆண், பெண் குளியல் தனித்தனி என்பதால் ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரவு உணவு சின்னச்சின்னத் தட்டுகளில் வரிசையாக வரும். தொயாமாவுக்கு மேற்கே ஜப்பான் கடலோரத்தில் நவம்பர் 6 முதல் பனிநண்டு பிடிக்க அனுமதி உண்டு. கினோசாகி போன்ற வெந்நீரூற்று ஊர்களில் அந்த வாரத்திலிருந்து நண்டுதான் பேச்சு. சாப்பிட்டு முடிப்பதற்குள் மெத்தை விரிந்திருக்கும். விடிந்தால் சோறு, சுட்ட மீன், மிசோ சாறு, ஊறுகாய் எல்லாம் யாரோ வைத்துத் தருவார்கள். கணவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. மனைவிக்கு எல்லாமே புதிது. பந்தியின் நடுவே எழுந்திருக்காமல் ஒரு வேளை உணவை முழுவதும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அதுவும் அவனுக்கு எதிரில். ஒரே தரத்தில், ஒரே நேரத்தில் இருவருக்கும் பரிமாறப்படும் இடம் அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன் அநேகமாக இருந்திருக்காது.

இப்படிச் சொன்னால் அழகுணர்ச்சியைக் கொச்சைப்படுத்துவதாகச் சிலர் கோபப்படுவார்கள். மேப்பிள் பார்க்கப் போவது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். அதைச் சமையலறைக் கணக்கில் அடைக்கலாமா? அழகை நான் மறுக்கவில்லை. செப்டம்பர் நடுவில் ஹொக்கைதோவின் தாய்செட்சுமலைத் தொடரில் பற்றும் சிவப்பு, மெல்லத் தெற்கிலும் தாழ்விடங்களிலும் இறங்கி நவம்பர் கடைசியில் கியோத்தோவை எட்டுகிறது. எந்த ஊரில் எந்த நாள் உச்சம் என்று செய்தி நிறுவனங்கள் வானிலைபோல் முன்னறிவிப்புத் தருகின்றன. ஆனால் அந்த உச்சம் நழுவிக்கொண்டே இருக்கிறது. ஜப்பான் வானிலை முகமையின் நீண்டகாலப் பதிவுகளின்படி மேப்பிள் சிவக்கும் நாள் பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் வீதம் தள்ளிப்போகிறது. மாதங்களுக்கு முன்பே அறை பதிவு செய்பவர் பச்சை இலைக்கோ, உதிர்ந்து முடிந்த கிளைக்கோ போய்ச் சேரும் வாய்ப்பு கூடிவிட்டது. கியோத்தோவின் தொஃபுகுஜி கோயிலின் புகழ்பெற்ற மரப்பாலத்தில் நெரிசல் தாங்காமல், பருவ உச்சத்தில் படமெடுக்கத் தடை போட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு ஆட்கள் போகிறார்கள். சிவப்பு மட்டுமே நோக்கமென்றால் இந்நேரம் பாதிப்பேர் நின்றிருக்க வேண்டும். மரம் செய்யும் உதவி வேறு: முப்பது ஆண்டு அதிகம் பேசிப் பழகாத இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல், சேர்ந்து வேறொன்றைப் பார்க்க அது இடம் கொடுக்கிறது. அது சிறிய உதவி அல்ல.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. வருஷத்தில் ஐந்து நாள் சமமாக உட்கார்ந்தால், மீதி 360 நாளுக்கு என்ன ஆயிற்று? ஜப்பானின் அனுபவம் இங்கே ஆறுதலாக இல்லை. 1989-ல், ஃபுல் மூன் சீட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஓய்வுபெற்ற கணவனுக்கு 'நனைந்த சருகு' என்று பெயர் சூட்டி ஒரு சொல்வழக்கு நாடெங்கும் பரவியது. பெருக்கினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறானாம். அதற்கு முந்தைய ஆண்டுதான் நவம்பர் 22-ஐ, எண்களின் ஓசையை வைத்து, 'நல்ல தம்பதியர் நாள்' என்று அறிவித்திருந்தார்கள். ஒரே பருவத்தின் இலையும் நாளும் எதிரெதிர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தன. 2007 ஏப்ரலில் விவாகரத்தின்போது கணவனின் ஓய்வூதியத்தில் பங்கு கேட்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022-ல் ஜப்பானில் நடந்த விவாகரத்துகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, இருபது ஆண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்களுடையது. வெந்நீரூற்று யாருடைய திருமணத்தையும் காப்பாற்றியது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அப்படிச் சொல்வதும் என் நோக்கமல்ல. பயணம் ஒன்றைத் தெரியவைக்கிறது. இருவருக்கும் இடையிலான மௌனம் வேலைக்களைப்பால் வந்ததா, வேறெதனாலா என்பது ஒரே அறையில் ஐந்து இரவு கழிந்தால் பிடிபட்டுவிடும். முதல் வகையாக இருந்தால் ஊர் திரும்பியபின் ஏதாவது மாறும். இரண்டாம் வகையாக இருந்தால், அதைத் தெரிந்துகொள்வதும் ஒரு பயன்தான், விளம்பரக்காரர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

ரயில்வேக்கே இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஃபுல் மூன் வந்த இரண்டே ஆண்டில், 1983-ல், 'நைஸ் மிடி' என்று இன்னொரு சீட்டை இறக்கினார்கள். 30 வயதைக் கடந்த பெண்கள் சிலர் சேர்ந்து போவதற்கு. ஆணுக்கு அதில் இடமிருக்கவில்லை. பெண்களுக்கு வேண்டியது கணவனின் துணை அல்ல, விடுப்பு. அதைத் தோழிகளோடு எடுத்தால் இன்னும் சுகம் என்று இதிலிருந்து வாதிடலாம். உண்மை அதில் நிறைய உண்டு. ஆனாலும் தோழிகளோடு போய்வந்தவளின் வீட்டில் கணவன் அத்தனை நாளும் சோறு எங்கே என்ற கேள்வியோடு இருந்திருப்பான், அல்லது அவள் முன்கூட்டியே சமைத்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். சேர்ந்து போகும்போது மட்டும்தான், அவள் வேலை செய்யாமல் இருப்பதை அவன் பக்கத்திலிருந்து பார்க்கிறான். அந்தக் காட்சிக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

விடுதியில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் வேறொரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதையும் விழுங்கிவிடக் கூடாது. தட்டு சுமந்து, மண்டியிட்டுப் பரிமாறி, மெத்தை விரிக்கும் பணிப்பெண்களை 'நகாய்' என்பார்கள். அவர்கள் நாள் அதிகாலை உணவுக்கு முன்பே தொடங்கி, பகலில் இடைவெளி விட்டு, இரவு உணவுக்குப் பிறகுதான் முடியும். பலருக்கும் தங்கள் வீட்டு வேலை அதற்குமேல். வகுரா வெந்நீரூற்றில் உபசரிப்புக்குப் பேர்போன காகாயா விடுதி, 1980-களிலேயே உணவை மாடிமாடியாகக் கொண்டுசெல்ல இயந்திர அமைப்பு வைத்தது. பணிப்பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகத்தோடு கூடிய குடியிருப்பும் கட்டியது. உபசாரத்தின் விலை யார் முதுகில் ஏறுகிறது என்பதை முதலாளிகளே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இப்போது ஆள் கிடைக்காமல், வருமுன்பே மெத்தையை விரித்து வைப்பது, இரவு உணவை வெளியில் பார்த்துக்கொள்ளச் சொல்வது என்று பல விடுதிகள் மாறிவருகின்றன. இதை மரபின் சரிவு என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தம்பதி தாங்களாகவே அலமாரியைத் திறந்து மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டால், ஒரு முனையை அவன் பிடிப்பான். வீட்டில் நடக்காத ஒன்று அங்கே நடக்கும். ஓய்வுபெற்ற ஆண்களுக்கென்று நகராட்சிகளும் சமூகக்கூடங்களும் சமையல் வகுப்பு நடத்தும் நாட்டில் இது பெரிய எதிர்பார்ப்பு அல்ல.

பணமுள்ளவர்களின் கதைதானே இது என்றால், ஆமாம், பெரிய அளவில் அப்படித்தான். ஃபுல் மூனின் கடைசிக் காலத்தில் ஐந்து நாள் சீட்டே இருவருக்கும் சேர்த்து 80,000 யென்னுக்குச் சற்று மேல். விடுதிச் செலவு தனி. அதிவேக நொசோமி ரயிலில் அந்தச் சீட்டு செல்லவில்லை. அடுத்த வேகத்தில் போகும் ஹிக்காரியில்தான் ஏற வேண்டியிருந்தது. அக்டோபர் தொடங்கி ஜூன் வரை, அதுவும் புத்தாண்டு நெரிசல் போன்ற நாட்களைத் தவிர்த்துத்தான், அதைப் பயன்படுத்த முடிந்தது. எனவே வேலையிலிருக்கும் தம்பதிக்கு நவம்பர் 23 தொழிலாளர் நன்றி நாளை ஒட்டிய ஓரிரு நாட்களே வாய்த்தன. வார நாளில் ஆளில்லாத மலைப்பாதை ஓய்வூதியக்காரர்களுக்குக் கிடைத்தது.

2022-ஓடு அந்தச் சீட்டு நின்றுபோயிற்று. அதன் இடத்தை நிரப்பியிருப்பவை பெரும்பாலும் தனிநபர் உறுப்பினர் திட்டங்கள். கிழக்கு ஜப்பான் ரயில்வேயின் 'ஓதோனா நோ கியூஜிட்சு' மன்றத்தில் 50 வயதைத் தொட்ட எவரும் சேரலாம். மணமானவரா, யாரோடு வருகிறார் என்றெல்லாம் சேர்வதற்குக் கேள்வியில்லை. அதன் விளம்பரங்களில் பல ஆண்டுகளாக முகம் காட்டியவர் நடிகை யோஷினாகா சயுரி. அந்தப் படங்களில் அவர் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பார். தொட்டியில் அருகருகே அமர்ந்த ஜோடியிலிருந்து தனியே நடக்கும் இந்தப் பெண்வரை வந்திருப்பதைக் குடும்பத்தின் தேய்வு என்று சில பத்திரிகையாளர்கள் எழுதக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 88 என்று கூட்டிக்காட்டினால்தான் சலுகை என்ற நிபந்தனையில், கணவனை விட்டுவிட்டுப் போகும் மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை. இப்போது இருவருக்கும் தனித்தனி அட்டை. நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு வயதான ஜோடி கியோத்தோ ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அவள் தனியாகவும் வந்திருக்கலாம், வரவில்லை என்று பொருள். ஃபுல் மூன் சீட்டால் அதைச் சொல்லியிருக்க முடியாது.