மாத்திரையும் மீன் குழம்பும்

தாராவியில் எங்கள் அடுத்த வீட்டு அண்ணாச்சி காசநோய்க்கு மருந்துண்டு வந்தார். ஒரு ஞாயிறன்று சூரை மீன் குழம்பு உண்ட சிறிது நேரத்தில் அவருக்கு முகம் சிவந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. "தம்பி, இம்மாத்திரை எனக்கு ஒவ்வாது, நாளை முதல் நிறுத்திவிடுவேன்" என்றார். நான் அவரை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

மாத்திரையும் மீனும் கூடியதே காரணம் என்றார் மருத்துவர். இலங்கையில் இத்தகைய நோயாளரை ஆராய்ந்த டாக்டர் ஊரகொட 1977-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எழுதியுள்ளார். பனிக்கட்டியிலிடாத சூரை போன்ற மீன்களில் 'ஹிஸ்டமின்' என்னும் பொருள் பெருகுகிறது. சமைத்தாலும் அது அழியாது. உடல் அதனை மாற்றிவிடுவது வழக்கம். 'ஐசோனியாசிட்' மருந்து அவ்வேலையைத் தடுக்கிறது. ஆகவே மருந்துண்ணும் காலத்தில் இம்மீன்களைத் தவிர்த்தல் நலம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

உடன் கொடுக்கப்படும் 'ரிஃபாம்பிசின்' மருந்தின் இயல்பு வேறு. சிறுநீர் செந்நிறமாவது இதனாலேயே. அதற்கு அஞ்ச வேண்டா. ஆனால் இது கல்லீரலை முடுக்கிவிட்டுப் பிற மருந்துகளை விரைவில் கரைத்துவிடுகிறது. நீரிழிவு மாத்திரைகள் சிலவும், இரத்தம் உறையாமல் காக்கும் 'வார்ஃபரின்' மாத்திரையும், கருத்தடை மாத்திரையும் இதனால் வலிமை குன்றும். ஆகவே உண்டுவரும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மருந்தும் இம்மாத்திரைகள் உடலில் சேர்வதைக் குறைக்கலாம். மதுவோ கல்லீரலுக்கு இரட்டைச் சுமை.

இவ்வளவும் கேட்டு, 'மருந்தே வேண்டாம்' என்று எவரும் எண்ணிவிடலாகாது. தானே நிறுத்தினால் நோய் மீளும். கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறக்கூடும். பிறகு நோயாளிக்கு மட்டுமன்றி, ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளுக்கும் இடர் விளையும்.

நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை உலகிற்குக் காட்டியது, 1956-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சியே. வீடே மருத்துவமனையாகும்போது அடுக்களையும் அதில் ஓர் அங்கமன்றோ? இல்லத்தரசிகள் இதனை நினைவிற்கொள்வார்களாக.

அண்ணாச்சி மீனை விட்டார், மருந்தை விடவில்லை. இன்று நலமாக வேலைக்குச் செல்கிறார்.