பழமையைப் போற்றிய எகிப்தியத் தலைமைக் குரு

எகிப்து என்றவுடன் வானளாவிய பிரமிடுகளும் அவற்றைக் கட்டிய மன்னர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், அப்பிரமிடுகள் சிதையத் தொடங்கியபோது அவற்றின்மீது பரிவு கொண்டு, கட்டியோரின் பெயர்களை மறதியினின்று மீட்ட பெரியார் ஒருவரை நம்மில் பலர் அறியோம். அவரே மெம்பிஸ் நகரத்துத் தலைமைக் குருவாக விளங்கிய காயெம்வாசெத்.

கி. மு. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராமேசஸின் நான்காம் மகன் இவர். மெம்பிஸ் நகரின் தெய்வமான தா என்பவர் கைவினைஞர்களின் காவலர். ஆதலின், அவருடைய தலைமைக் குருவுக்குக் 'கைவினைஞரை நடத்துவோருள் தலையாயவர்' என்னும் பொருளுடைய பட்டம் வழங்கிற்று. கல்லும் உளியும் அறிந்த இப்பதவி இவருடைய உள்ளத்திற்குப் பெரிதும் பொருந்திற்று.

மெம்பிஸுக்கு மேற்கே சக்காராவில் பண்டை மன்னரின் கல்லறைகள் உள்ளன. அவற்றுள் உனாஸ் மன்னரின் பிரமிடு காயெம்வாசெத்தின் காலத்திலேயே ஏறக்குறைய 1,100 ஆண்டுப் பழமையுடையது. அதன்மீது கட்டியவர் பெயர் காணப்படவில்லை. அப்பெயரை மீண்டும் வாழச் செய்ததாகவும், சிதைந்துவரும் பழஞ்சின்னங்களைப் புதுப்பிக்கத் தாம் பெரிதும் விழைந்ததாகவும் அதன் தென்முகத்தில் இவர் பெரிய எழுத்துகளில் பொறித்தார். சரிந்த கற்கள் பிற்காலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டதால் அக்கல்வெட்டை இன்றும் காணலாம். மாமன்னர் கூஃபுவின் மகன் காவாபின் சிலையையும் இவர் மீட்டுக் காத்தார். முன்னோரையும் அவர்தம் படைப்புகளின் சிறப்பையும் தாம் நேசித்ததாக அச்சிலையில் எழுதிவைத்தார்.

இச்செயலின் அருமை யாது? பழங்கட்டடங்களின் கற்களைப் பெயர்த்துப் புதியன எழுப்புதல் அக்காலத்து வழக்கம். இவருடைய தந்தையின் கட்டட வேலைகளிலும் அது நிகழ்ந்தது. அத்தகைய காலத்தில் இவர் பழமையைக் காக்க முனைந்தார். பழைய மன்னரின் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்தே பொறித்தார் என்பது உண்மை. அரசகுலத்தின் புகழும் ஒரு நோக்கமாயிருந்திருக்கலாம். எனினும், பெயரிழந்த கல்லறைகளுக்குப் பெயர் தந்த பெருமை குறைவதன்று. எனவேதான் அறிஞர் சிலர் இவரை 'முதல் எகிப்தியவியலாளர்' என்பர்.

புனிதமாகக் கருதப்பட்ட ஆப்பிஸ் காளைகளைத் தனித்தனிக் கல்லறைகளில் அடக்கும் வழக்கத்தை மாற்றி, நிலத்தடியில் நீண்ட பொதுக் குகைவழியை அமைத்தவரும் இவரே. மணலில் மறைந்துகிடந்த அவ்விடத்தைப் பிரெஞ்சு அறிஞர் மாரியேத் 1851-இல் கண்டறிந்தார்.

தந்தைக்கு முன்பே இவர் இறந்தமையால், அரியணை தம்பி மெர்னெப்தாவுக்குச் சென்றது. எனினும் இவர் புகழ் மறையவில்லை. ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்த எகிப்தியக் கதைகளில் 'சேத்னா' என்னும் பெயரில் மாயவித்தை வல்ல அறிஞராக இவர் வருகிறார். அவற்றுள் ஒன்றில், கல்லறைக்குள் புகுந்து மந்திர நூலொன்றைக் கவர்கிறார். துன்பங்கள் சூழவே, அதனை உரிய இடத்திலேயே திருப்பி வைக்கிறார். கல்லறைகளைக் காத்தவரையே கல்லறையில் நூல் கவர்ந்தவராக்கிற்று கதை! கதை கூறுவதையும் கல்வெட்டு கூறுவதையும் வேறு பிரித்தறிய வேண்டியதன் இன்றியமையாமையை இது நன்கு உணர்த்துகிறதன்றோ?

பழஞ்சுவரைக் கண்டால் தம் பெயரை மட்டும் அதில் கீறிவிட்டு வருவோர் உளர். காயெம்வாசெத்தோ கட்டியவரின் பெயரைத் தேடிப் பொறித்தார். மாணவர்களே! வரலாறு பயில்வோர்க்கு வேண்டிய முதற்பண்பு அதுவே.