புயல் நேரத்தில் எந்த சிம் கை கொடுக்கும்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று கொட்டித் தீர்த்த நாள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் இல்லை. வீட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்ல போனை எடுத்தால், பலருக்கு சிக்னலே இல்லை. காரப்பாக்கத்தில் சிக்கிய நடிகர் விஷ்ணு விஷால், மொட்டை மாடியில் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது என்று மறுநாள் சமூக வலைத்தளத்தில் பதிவிட்டதும், அதன் பிறகு மீட்புப் படகு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பு எழும் கேள்வி இதுதான்: புயல் நேரத்தில் எந்த கம்பெனி நெட்வொர்க் நிற்கும்? ஜியோவா, ஏர்டெல்லா, வி-யா, பிஎஸ்என்எல்லா?

நேரடியான பதில்: எல்லாப் புயலிலும், எல்லாத் தெருவிலும் தப்பிக்கும் கம்பெனி என்று ஒன்று இல்லை. ஆனால் சரியான இரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடும் வாய்ப்பு குறையும். அந்த இரண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மழை பெய்தால் சிக்னல் ஏன் போகிறது?

"மழை வந்தாலே டவர் போயிடுது" என்று சொல்வது வழக்கம். உண்மையில், போனுக்கும் டவருக்கும் இடையே உள்ள அலைவரிசையை மழைத்துளிகள் பெரிதாகப் பாதிப்பதில்லை. சிக்னல் போவதற்கு வேறு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், மின்சாரம். காற்று வேகமெடுத்தாலோ, தெருவில் தண்ணீர் தேங்கினாலோ, விபத்தைத் தவிர்க்க மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும். அதன் பிறகு டவர் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரம்தான். அடுத்து டீசல் ஜெனரேட்டர். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசல் கேன் கொண்டுபோக முடியாது. அதனால்தான் புயல் அடிக்கும்போது இருந்த சிக்னல், மழை விட்ட பிறகு காணாமல் போகிறது.

இரண்டாவது, கேபிள். டவரை இணையத்தோடு இணைப்பது பெரும்பாலும் ஃபைபர் கேபிள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் விழுந்தால் மேலே போகும் கேபிளும் அறுந்து விழும். அப்போது போனில் நான்கு கோடு சிக்னல் காட்டும், ஆனால் நெட் வராது. "டவர் இருக்கு, நெட் வரலை" என்பது இந்த நிலைமைதான்.

மூன்றாவது, நெரிசல். ஒரு டவர் நின்றுபோனால் அதன் வாடிக்கையாளர்கள் எல்லாம் பக்கத்து டவரில் போய் விழுவார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் சொந்தக்காரர்களுக்கு போன் போடுவார்கள். டவர் உயிரோடு இருந்தாலும் கால் போகாது.

இரண்டு சிம் இருந்தால் போதுமா?

போதாது. பலர் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் டவர் வேறு, நெட்வொர்க் வேறு. இரும்புக் கோபுரம், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் தனி டவர் கம்பெனிக்குச் சொந்தம். செல்போன் கம்பெனிகள் அதில் வாடகைக்கு இருப்பவை. உதாரணமாக, இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும். பல இடங்களில் இரண்டின் கருவிகளும் ஒரே கோபுரத்தில் தொங்கும்.

அதாவது, நீங்கள் ஏர்டெல், வி என இரண்டு சிம் வைத்திருந்தாலும், உங்கள் தெருவில் இரண்டும் ஒரே மொட்டை மாடியில் உள்ள ஒரே பேட்டரியை நம்பி இருக்கலாம். அந்த பேட்டரி தீர்ந்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே போகும்.

ஆகவே பார்க்க வேண்டியது சிம் அட்டையின் நிறத்தை அல்ல. இரண்டு சிம்முக்கும் சிக்னல் தருவது வெவ்வேறு டவர்களா என்பதைத்தான்.

உங்கள் தெருவில் எந்த டவர் என்று எப்படிப் பார்ப்பது?

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளம் இதற்கு உதவும். டவர் கதிர்வீச்சு பற்றிய தகவலுக்காக உருவானது அது. பெயர், இமெயில், மொபைல் எண் கொடுத்து உங்கள் இடத்தைக் காட்டினால், சுற்றுவட்டார டவர்கள் வரைபடத்தில் தெரியும்.

செல்போன் கம்பெனிகளும் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிகள் சொல்கின்றன. அங்கே உங்கள் பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் வரைபடம் தெருவைத்தான் காட்டும். உங்கள் வீட்டின் உள் அறையைக் காட்டாது.

அதற்கு ஒரு எளிய சோதனை போதும். வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம், மாடிப்படி, மொட்டை மாடி என மூன்று இடத்திலும் ஒரு கால் போடுங்கள், ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். இரவு 8 முதல் 10 மணிக்குள் செய்வது நல்லது. தெருவே போன் பார்க்கும் நேரம் அது. நெரிசலில் எது தாங்குகிறது என்று அப்போது தெரியும்.

அம்பத்தூர் ஓ.டி.யில் நன்றாக எடுக்கும் சிம் கள்ளிக்குப்பத்தில் எடுக்காமல் போகலாம். பாடியில் வேலை, திருமுல்லைவாயலில் வீடு என்றால் இரண்டு இடத்திலும் சோதிக்க வேண்டும்.

எந்த கம்பெனியில் என்ன வித்தியாசம்?

ஜியோவில் 4ஜி, 5ஜி மட்டுமே உண்டு. 2ஜி கிடையாது. சாதாரண பழைய பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி இருக்கிறது. அதில் நெட் பார்க்க முடியாவிட்டாலும் கால், எஸ்எம்எஸ் போகும். ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் வரும் பட்டன் போன், மின்சாரமே இல்லாத மூன்றாவது நாளில் பெரிய சொத்து.

பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்களும் சொந்த ஃபைபரும் பரவலாக உண்டு. 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான 4ஜி சேவையை நாடு முழுவதும் அது தொடங்கியது. தினசரி பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள்கூட இரண்டாவது சிம்மாக இதை யோசிக்கலாம். உங்கள் வீட்டில் எடுக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

சுருக்கமாக: வேகத்துக்கு ஒன்று, வேறு டவரில் இருந்து வருவது இன்னொன்று.

புயலைப் பின்தொடர எவ்வளவு டேட்டா வேண்டும்?

அமெரிக்காவில் சூறாவளியைக் காரில் துரத்திப் படம் எடுப்பவர்கள் உண்டு. ரேடார் படம் போனில் வராவிட்டால் சூறாவளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது. அதனால் ஒரே இணைப்பை அவர்களும் நம்புவதில்லை. இங்கே யாரும் புயலைத் துரத்த வேண்டியதில்லை, அதுவே வீடு தேடி வரும். ஆனால் மழை மேகம் எங்கே நிற்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் பெய்யும் என்று பார்க்க ரேடார் படம் நமக்கும் வேண்டும். காரை மேட்டில் நிறுத்துவதா, கீழ் வீட்டில் இருக்கும் பெரியவர்களை மாடிக்குக் கொண்டுபோவதா என்ற முடிவு அதை வைத்துத்தான்.

சென்னை துறைமுகத்தில் உள்ள வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ரேடாரும், பள்ளிக்கரணையில் உள்ள ரேடாரும் நகரத்தைச் சுற்றியுள்ள மழை மேகங்களைக் காட்டும். ஒரு படம் சில நூறு கேபிதான். வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், பகலெல்லாம் வெள்ள வீடியோ பார்த்து தினசரி டேட்டாவைத் தீர்த்துவிடுவது. பல பேக்குகளில் அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். வினாடிக்கு 8 கேபி. 400 கேபி ரேடார் படம் திறக்கவே 50 வினாடி. புயல் கரையைக் கடப்பது பல நேரம் ராத்திரியில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை தொட்டதும் இரவில்தான். புயல் நாளில் வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். டேட்டா கூடுதல் பேக் ஒன்றை முன்பே போட்டு வையுங்கள்.

உங்கள் கம்பெனி டவர் மொத்தமாகப் போனால்?

'இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. பேரிடர் நேரத்தில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டால், ஒரு கம்பெனி சிம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும் வேறு கம்பெனி டவரைப் பயன்படுத்தலாம். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தின் கட்ச், துவாரகா உள்ளிட்ட மாவட்டங்களில் இது திறந்துவிடப்பட்டது.

இதற்கு போன் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்' என்பதை ஆஃப் செய்து, பட்டியலில் வரும் வேறு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் மட்டுமே இது வேலை செய்யும். நிலைமை சரியானதும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள்.

திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கம்பெனி டவர் இல்லை, பக்கத்தில் வேறு டவர் இருக்கிறது என்று அர்த்தம். 112-க்கு அழைத்துப் பாருங்கள்.

2023 அக்டோபரில் போன்கள் திடீரென்று அலறி சோதனை எச்சரிக்கை காட்டியது நினைவிருக்கிறதா? அது 'செல் பிராட்காஸ்ட்'. டேட்டா பேக் தேவையில்லை, நெரிசலிலும் வரும். செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கையை ஆஃப் செய்து வைத்திருந்தால் ஆன் செய்யுங்கள்.

புயல் சின்னம் உருவான பிறகு செய்யக் கூடாதவை

எண்ணை வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யாதீர்கள். ஒரே வட்டத்துக்குள் என்றாலும் 3 வேலை நாட்கள் ஆகும். பழைய சிம்மை மாற்றவோ, இ-சிம் ஆக்கவோ வேண்டாம். மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் தடைபடும், வங்கி ஓடிபி வராது. இரண்டாவது சிம் வேண்டும் என்றால் புது எண்ணாக, அக்டோபருக்கு முன்பே வாங்குங்கள்.

வாங்கி டிராயரில் போட்டு வைத்தால் மட்டும் போதாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை கம்பெனி துண்டிக்கலாம். "சிம் இருக்கு, பேக் இல்லை" என்றால் சிம் இல்லாத மாதிரிதான். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கால் போடுங்கள். மழைக்காலம் முழுக்க ஒரு சின்ன பேக் இருக்கட்டும்.

வீட்டு வைஃபை கை கொடுக்குமா?

வீடு வரை ஃபைபர் வந்திருந்தால், வழியில் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படாது. அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம் உங்கள் ரவுட்டரும் ஓடினால் போதும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். தெருக் கம்பத்தில் பெட்டி வைத்து இணைப்பு தரும் லோக்கல் கேபிள் என்றால், கரண்ட் போனதும் அந்தப் பெட்டியும் போகும். போனில் வைஃபை காலிங் ஆன் செய்து வைத்தால், டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியே பேசலாம்.

சார்ஜ் தீராமல் இருக்க

சிக்னல் மங்கலாக இருக்கும்போது போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். 5ஜியை ஆஃப் செய்து 4ஜியில் வையுங்கள். சிக்னலே இல்லை என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று நினைக்காதீர்கள், ஒன்றே கால் முறைதான் வரும். கால் போகவில்லை என்றால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கால் நுழையாத நெரிசலிலும் அது நுழைந்துவிடும்.

போனிலும், ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். அங்கே 1913. ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி தனி நகராட்சி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். அவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. மின்தடை, அறுந்த மின்கம்பிக்கு மின்னகம் 94987 94987.

லைன் கிடைத்ததும் முதலில் மாவட்டம், பகுதி, தெரு, அருகில் உள்ள அடையாளம், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். சிக்னல் எந்த நிமிடமும் போகலாம். வீட்டில் படுக்கையில் இருப்பவரோ கர்ப்பிணியோ இருந்தால் அதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.