யாருடைய தீர்மானம்? கருத்தடை, கருக்கலைப்பு மற்றும் எமது நாட்டு அரசியல்

"எனக்கு ஊசியும் வேணாம், லூப்பும் வேணாம் மிஸ். எங்கம்மாவ லொறியில ஏத்திக்கிட்டுப் போய் வெட்டின மாதிரி என்னையும் வெட்டிருவாங்க."

2022ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நாம் நடத்திய தாய்மார் கூட்டத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னார். வயது முப்பத்துமூன்று, மூன்று பிள்ளைகள். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய அம்மா வாய் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அந்த அம்மா பேசினார். 1989இல் இந்த மகள் பிறந்து ஒரு மாதம் கடந்திருந்தது. தோட்டங்கள் அரசுடைமையாக இருந்த காலம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஐநூறு ரூபா கிடைக்கும், லீவும் கிடைக்கும் என்று சொல்லிப் பெண்களைக் கூட்டிப் போனார்கள். அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மூத்தவன் அடுத்த வருடம் காய்ச்சலில் இறந்தான். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மருத்துவ மாதுவிடம் கேட்கப் போனபோதுதான், இனிப் பிறக்காது என்பதே அவருக்குத் தெரிய வந்தது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள் எந்தக் கருத்தடை முறையையும் நம்பவில்லை.

நான்கு மாதங்களின் பின் அந்த மகள் என்னைத் தேடி வந்தார். நான்காவது கரு. பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. "கலைக்க வழியிருக்கா மிஸ்?" என்று கேட்டார். சட்டம் அனுமதிக்காது என்பதைத் தவிர என்னிடம் சொல்வதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

அவர் டவுனில் யாரோ ஒருவர் மூலம் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டு நாட்கள் லயக் காம்பராவுக்குள் இரத்தப்போக்கோடு கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும் என்ற பயம். இறுதியில் அம்மாதான் இரவோடு இரவாக மருத்துவ மாதுவின் கதவைத் தட்டினார். ஓட்டோவில் கொண்டு போய், இரத்தம் ஏற்றி, உயிர் தப்பினார்.

பிள்ளை பெறாமலிருக்க அம்மாவுக்கு அரசு காசு கொடுத்தது. அதே அரசின் சட்டம், பெறாமலிருக்க நினைத்த மகளுக்குச் சிறையைக் காட்டிப் பயமுறுத்தியது. இருவரிடமும் உனக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. எமது நாட்டில் இவ்விடயம் பற்றி நடக்கும் அரசியல் வாதங்களை நான் இந்த இரண்டு பெண்களையும் மனதில் வைத்தே பார்க்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கருக்கலைப்பு பற்றிய எமது சட்டம் 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்காக மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்கிறது 303ஆம் பிரிவு. மற்றபடி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பின்பு என்றால் ஏழு ஆண்டுகள் வரை. தனது கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள். வன்புணர்வால் உண்டான கருவுக்கோ, தகப்பனாலோ சகோதரனாலோ உண்டான கருவுக்கோ, பிறந்தாலும் பிழைக்காது என்று வைத்தியர்கள் உறுதியாகச் சொல்லும் கருவுக்கோ விதிவிலக்கு இல்லை.

இதை மாற்ற முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலத்தில் வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி, கருவின் பாரதூரமான குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் வாசகமும் இருந்தது. அந்தச் சட்டமூலத்தால் பெண்களுக்குப் பல நன்மைகள் கிடைத்தன. பாலியல் தொந்தரவு குற்றமாகியது, முறைதகாப் புணர்ச்சி குற்றமாகியது, சம்மத வயது 16 ஆக உயர்ந்தது. கருக்கலைப்பு பற்றிய பகுதி மாத்திரம் எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. தகப்பன் செய்வது குற்றம் என்று ஏற்றுக்கொண்ட பாராளுமன்றம், அந்தக் குற்றத்தால் உண்டான கருவைப் பிள்ளை சுமந்தே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டது. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் சிபாரிசுகளையடுத்து மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதுவும் நின்றது.

திருச்சபையின் நிலைப்பாட்டை நான் கேலி செய்ய விரும்பவில்லை. கரு உருவான கணத்திலிருந்தே அது உயிர், அதன் பக்கம் நின்று பேச வேறு எவருமில்லை என்பது அவர்களின் வாதம். எம்மோடு வேலை செய்யும் பல பெண்கள், சைவர்களும் கூட, அதையே மனதார நம்புகிறார்கள். குறைபாட்டைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கலாம் என்றால், மாற்றுத்திறனாளிகளின் உயிருக்கு மதிப்புக் குறைவா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் தடையால் கருக்கலைப்பு நிற்கவில்லையே! நாளொன்றுக்கு 650 அளவில் நடைபெறுகின்றன என்று 1990களின் இறுதியில் செய்யப்பட்ட மதிப்பீடு இன்னும் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. வசதியுள்ளவர்கள் வைத்தியர் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைக்கும் கிடைப்பது யாரோ கொடுக்கும் மாத்திரை.

இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு. அதற்கு உயிர் பற்றிய கவலை கிடையாது. எந்த இனம் கூடுகிறது, எந்த இனம் குறைகிறது என்பதே அதன் கணக்கு.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, இலங்கையின் பிறப்பு வீதம் குறைந்தது ஒரு வெற்றிக் கதையாகவே எமக்குக் கற்பிக்கப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. கருத்தடை பற்றி வாய் திறப்பதே வெட்கம் என்றிருந்த 1930களிலேயே வைத்தியர் மேரி இரட்ணம் அதைப் பற்றிப் பேசினார். கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத்தவரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர் அவர். 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் உருவானது. 1965இல் அரசு இதைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது. பெண் பிள்ளைகள் படித்தார்கள், திருமண வயது உயர்ந்தது, மருத்துவ மாது வீடு வீடாகப் போனார். 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்த நிலை மாறி, 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில் அது 2.2 ஆக இருந்தது. பாடப்புத்தகத்தில் வராத பகுதி 1980இல் தொடங்கிய கொடுப்பனவு. அவ்வருட ஆரம்பத்தில் சத்திரசிகிச்சைக்கு 100 ரூபா, ஒக்டோபரில் 500 ரூபா. மாதச் சம்பளமுள்ள நகரத்துப் பெண்ணுக்கு அந்த 500 ரூபா ஒரு சிறு உதவி. லயத்துப் பெண்ணுக்கு அது மறுக்க முடியாத தொகை. நிரந்தர முறையைச் செய்துகொண்ட பெண்களின் விகிதம் தோட்டத்துறையில் ஏனைய இடங்களை விட அதிகமாகவே இருந்து வந்தது. மலையகத் தமிழரைக் குறைக்கச் செய்த சதி என்று அரசியல்வாதிகள் மேடைகளில் பேசினார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்கு வேறு எந்த முறை சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று கேட்ட மேடைப் பேச்சு எதையும் நான் கேட்டதில்லை.

போருக்குப் பின் காற்று மறுபக்கம் திரும்பியது. முப்படையினரதும் பொலிஸாரதும் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு லட்சம் ரூபா என்று 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. பொது பல சேனா போன்ற அமைப்புகள், சிங்களப் பெண்கள் நிரந்தரக் கருத்தடை செய்வது இனத்தை அழிக்கும் என்று பிரசாரம் செய்தன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்துரொட்டியோடு மலட்டு மாத்திரை கலந்து கொடுத்தார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாக்கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே கிடையாது. அடுத்த வருடம் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. அவர் கைதானார். ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பின்னர் அவர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார்.

தமிழர் தரப்பிலும் இந்தக் கணக்கு உண்டு. 2013 ஆகஸ்ட் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்கைப் பார்ப்பதாக அழைத்து, தாய்மாரின் கையில் கருத்தடைக் குச்சியை வைத்தார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். முறைப்பாடு உண்மையானால் அது பாரதூரமான அநீதி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அச்சமயம் எழுந்த குரல்களில் பெரும்பாலானவை இன அழிப்பு என்ற சொல்லோடு நின்றன. போரில் கணவரை இழந்து, அல்லது கணவர் காணாமல் போய், ஒற்றை வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு நம்பகமான கருத்தடை வேண்டியிருக்கலாம் என்று எவரும் பேசவில்லை. "தமிழினம் குறைந்துவிட்டது, நிறையப் பெற வேண்டும்" என்று மேடையில் சொல்பவரின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள் சகோதரிகளே, பெரும்பாலும் இரண்டுதான்.

இப்போது பிறப்பே குறைந்து வருகிறது. 2013இல் மூன்றரை லட்சத்துக்கு மேலிருந்த பிறப்புகள் 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. இனிப் பெறுங்கள் என்ற குரல் எல்லாப் பக்கமிருந்தும் பலமாகக் கேட்கும். அப்படிக் கேட்கும்போது கருத்தடைக்கான ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவார்களோ என்பதே என் கவலை.

வாசகிகள் ஒன்றை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். கரு எப்படிக் கலைந்திருந்தாலும், இரத்தப்போக்கோடு வரும் பெண்ணுக்குச் சிகிச்சை அளிப்பது அரசாங்க வைத்தியசாலையின் கடமை. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நிற்காத இரத்தம் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். எமது பகுதியில் இறந்துபோன ஒரு பெண் பொலிஸுக்குப் பயந்தே மூன்று நாட்கள் வீட்டில் இருந்தார்.

அந்த மகளைத் திரும்பச் சந்தித்தது ஆறு வாரங்கள் கழித்து, அதே பிள்ளைக் காம்பராவில். மருத்துவ மாது ஒரு தட்டில் எல்லாவற்றையும் கொண்டு வந்து வைத்தார். மாத்திரை அட்டை, மூன்று மாத ஊசி, லூப், கையில் வைக்கும் குச்சி. ஒவ்வொன்றையும் அவர் கையிலெடுத்துப் பார்த்தார்.

"வேணாம்னு நெனச்சா இதை எடுத்துரலாமா?"

"எப்ப வேண்டுமானாலும் வந்து சொல்லுங்க, எடுத்துவிடுவாங்க."

வாசலில் நின்ற அம்மா தட்டை எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அப்பவும் இருந்திச்சா?" என்று கேட்டார். லூப்பும் மாத்திரையும் இருந்தன என்றார் மருத்துவ மாது. அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகள் மூன்று மாத ஊசியைத் தெரிவு செய்தார். அடுத்த திகதியை அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.