ஒளிந்து கொள்ளும் கெளுத்திக்குத் துணை மீன்கள்

சேர்வராயன் மலையில் வாழவந்தி போன்ற ஊர்களில் காப்பி, மிளகுத் தோட்டங்களோடு அலங்கார மீன் வளர்ப்பையும் உபதொழிலாகச் செய்ய நினைக்கும் சிறு விவசாயிகள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்து கொள்வது நல்லது. குட்டிக் கெளுத்தி மீன்களைத் தனியே தொட்டியில் விட்டால் பகல் முழுவதும் கல்லுக்கும் ஓட்டுக்கும் அடியில் பதுங்கிக் கிடக்கும். போட்ட தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மீன் மெலியும். வாங்க வருபவர் கண்ணிலும் படாது. இதற்கு மருந்து தேவையில்லை. தகுந்த துணை மீன் போதும்.

காரணம் என்ன?

கெளுத்தி அடிமட்டத்தில் வாழும் மீன். மேல்மட்டத்தில் சிறு மீன்கள் அச்சமின்றித் திரிந்தால், கொக்கோ பெரிய மீனோ அருகில் இல்லை என்று அதற்குத் தைரியம் வருகிறது. மேலே நடமாட்டம் இல்லாவிட்டால் ஆபத்து என்று பதுங்குகிறது. ஆய்வுத் தொட்டிகளில் மிரளும் மீன்களின் அச்சத்தை இம்முறையால் குறைக்கலாம் என்பதை அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் பார்லோ 1968-ல் எழுதி வெளியிட்டார்.

எந்தக் கெளுத்தி, எந்தத் துணை?

மலைக் குளிருக்கு ஏற்றது, தென் அமெரிக்காவைச் சேர்ந்த புள்ளிக் கோரிடோராஸ். இரண்டரை அங்குலம் வரை வளரும். 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். இதுவும் கூட்டமாக வாழ்வதே. ஒன்றிரண்டாக விடாமல் ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும்.

இதற்கு நல்ல துணை, நம் நாட்டு மீனான சீப்ரா டேனியோ. ஒன்றரை அங்குலமே இருக்கும், ஓயாமல் மேல்மட்டத்தில் நீந்தும், குளிரையும் தாங்கும். ஒரே இனத்தில் எட்டு முதல் பத்து வரை விடவும். இரண்டு மூன்று மட்டும் விட்டால் அவையே ஒன்றையொன்று துரத்தும். பெரிய தொட்டியானால் ரோசி பார்ப் மீனும் ஆகும். ஆனால் அது மென்மையான நீர்ச்செடிகளைக் கடித்துத் தின்னும்.

டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும், வேண்டாம். சூடான நீரைக் கேட்கும் டிஸ்கஸ் மீனும் இதற்கு ஒத்து வராது. ஓடைகளிலும் ஏரிகளிலும் பிடிக்கும் நாட்டுக் கெளுத்தியோடு டேனியோவைச் சேர்க்கக் கூடாது. அது வளர்ந்ததும் இரவில் இவற்றை விழுங்கிவிடும்.

தொட்டி அமைப்பு

3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 115 லிட்டர் கொள்ளும். இதில் எட்டுக் கோரிடோராசும் பத்து டேனியோவும் வளர்க்கலாம். அடியில் நன்கு அலசிய மெல்லிய ஆற்று மணல் இடவும். கூரிய கல் மீசையைப் புண்ணாக்கும். உடைந்த மண்பானை ஓடுகள், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை ஒளிவிடமாக வைக்கவும். ஒளிய இடம் உண்டு என்று தெரிந்தால்தான் கெளுத்தி வெளியே வரும். டேனியோ துள்ளி வெளியே விழும். எனவே வலை மூடி அவசியம். மார்கழி, தைக் குளிரில் தொட்டி வீட்டுக்குள் இருக்கட்டும்.

தீனி போடும் முறை

துணை மீன்கள் சுறுசுறுப்பானவை; எல்லாவற்றையும் முந்தித் தின்றுவிடும். ஆகையால் முதலில் ஒரு மூலையில் மிதக்கும் தீனியைப் போட்டு அவற்றை அங்கே இழுத்துக் கொண்டு, மறு மூலையில் மூழ்கும் குருணைத் தீனியைப் போடவும். விளக்கு அணைந்த பின் நறுக்கிய மண்புழு சிறிது கொடுத்தால் கெளுத்தி விரும்பித் தின்னும். காலையில் மிச்சம் கிடந்தால் அளவைக் குறைக்கவும்.

கவனிக்க வேண்டியவை

கோரிடோராஸ் அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குவது இயல்பு. அடிக்கடி அப்படிச் செய்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். துணை மீன் விட்டும் இரண்டு வாரத்தில் கெளுத்தி வெளியே வராவிட்டால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் வாங்கி வரும் மீன்களை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கவும்.

மிஞ்சிய மீன்களை மலை ஓடையிலோ ஏற்காடு ஏரியிலோ விடவே கூடாது. அலங்காரத்துக்கு வந்த 'டேங்க் கிளீனர்' மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பரவித் தொல்லையாக நிற்கிறது. முதலில் ஒரே தொட்டியில் செய்து பார்த்து, மீன்கள் பகலில் வெளியே வந்து மேய்வதைக் கண்ட பிறகு தொட்டிகளைப் பெருக்குவதே சிறு விவசாயிக்கு லாபம்.