மருந்து தெளித்தவர் மயங்கி விழுந்தால்...

ரசாயன விபத்து என்றால் பெரிய ஆலைகளில் நடப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். முதுகில் தெளிப்பானுடன் பருத்திக் காட்டில் ஒருவர் மயங்கி விழுவதும் ரசாயன விபத்தே. 2017ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

வயலில் இப்படி நேரும்போது முதலில் ஓடி வருபவர் தீயணைப்பு வீரரோ டாக்டரோ அல்லர், பக்கத்து வயல்காரர்தான். மீட்புப் படையினருக்கு இத்தகைய விபத்துக்காகக் கற்பிக்கப்படும் பாடங்களில் மூன்றையாவது அவர் அறிந்திருத்தல் அவசியம். உதவப் போகிறவர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். நஞ்சு உள்ள இடத்திலிருந்து ஆளை அப்புறப்படுத்த வேண்டும். உடலில் பட்ட நஞ்சைக் கழுவ வேண்டும்.

கிராமங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவதுதான். மருந்தில் நனைந்த சட்டையுடனேயே மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு விரைகின்றனர். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியவை. எனவே வழி நெடுக நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். பின்னால் பிடித்துக்கொண்டு வருபவர் மீதும் படும்.

இவ்வகை மருந்துகள் நரம்புத் தூண்டுதலை அடக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. அதனால் வேர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும், தசைகள் துடிக்கும். பிறகு மார்பில் சளி கட்டி மூச்சு முட்டும். வெயில் மயக்கம் என்று கருதி மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்துவிடுவது உண்டு. எச்சில் ஒழுகி, கண்ணின் பாவையும் கடுகளவாகச் சுருங்கியிருந்தால் அது வெயிலின் வேலை அன்று.

ஒருவர் 108க்குச் சொல்லும்போதே மற்றவர் காற்று வரும் பக்கமாக நெருங்கி ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். கையுறை இல்லாவிட்டால் பாலிதீன் பைகளைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். துணிகளைக் கழற்றி, பம்புசெட் தண்ணீரில் சோப்பிட்டு, தலைமுடி, காது மடல், அக்குள், நகக்கண் உட்படக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் நல்ல நீர் விட வேண்டும். பெண் என்றால் கூச்சப்பட்டு ஈரச் சேலையுடன் அனுப்பிவிடுகின்றனர். நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தால் போதும். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெருந்தவறு. மருந்திலுள்ள எண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிருக்கு உலை வைக்கும். பாலும் வேண்டாம்.

மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ உடன் அனுப்புதல் மிக முக்கியம். பாஸ்பரஸ் வகைக்கு டாக்டர்கள் அட்ரோபின் ஊசி போடுவர். பாராகுவாட் களைக்கொல்லிக்கோ மாற்று மருந்தே இல்லை. அதற்கு ஆக்சிஜன் கொடுப்பதுகூடக் கேடாகலாம். சில்லறையாக வேறு சீசாவில் ஊற்றி வாங்கியவர் எதைக் காட்டுவார்?

கழற்றிய துணிகளைப் பாலிதீன் பையில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துப் பின்னர் தனியே துவைக்கலாம். கழுவிய நீர் கிணற்றுக்கோ மாட்டுத் தொட்டிக்கோ ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.